மொட்டுத் திருட்டு

எங்கள் வீட்டு மரங்களுக்கெல்லாம் கைப்பிடி இருந்தது. பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், காது வைத்த பழைய அலுமினியச் சட்டி என்று, தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற எதில் மண்ணை நிரப்பலாமோ அதிலெல்லாம் அப்பா ஒரு மரத்தை நட்டு வைத்திருந்தார். தேயிலை எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டு வாசலில், படிக்கும் கால்வாய்க்கும் நடுவே இரண்டு பாய் விரிக்கிற இடம்தான் உண்டு. அதில் பதினேழு மரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும்.

அப்பா, எஸ்டேட் மேனேஜர் குடியிருக்கும் துரை பங்களாவின் தோட்டக்காரர். பதினெட்டு வருஷமாக அந்தப் பங்களாவைச் சுற்றி அவர் வளர்த்திருந்த மரங்களைப் பார்த்துவிட்டு, தானா ராத்தா டவுன் பக்கம் போகிற சுற்றுலாக்காரர்கள் காடியை நிறுத்தி, வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் லயத்து மண்ணில் அவர் ஒரு குச்சியைக்கூட ஊன்றியதில்லை. வீடு எஸ்டேட்டுடையது. வேலை முடிகிற அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"மண்ணுல வச்சா அது எஸ்டேட்டு மரம். வாளியில வச்சா நம்ம மரம்" என்பது அவருடைய சட்டம்.

ஒவ்வொரு துரையும் மரங்களுக்கு ஒவ்வொரு விதமாகச் சொன்ன ஆங்கிலப் பெயர்களை அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு தன் இஷ்டத்துக்குப் பெயர் வைப்பார். சிவப்பு மயிர் மயிராகப் பூக்கும் மரம் 'புட்டி கழுவி'. மஞ்சள் மணிகளைத் தலைகீழாகத் தொங்கவிடும் மரம் 'மணிக்காரி'. பூவே பெரிதாகப் பூக்காமல் இலையின் நிறத்தை வைத்தே பிழைப்பு நடத்தும் குரோட்டன் வகையறாவுக்கு 'மினுக்கி' என்று பொதுப்பெயர். அதில் பெரிய மினுக்கி, சின்ன மினுக்கி, சிவத்த மினுக்கி என்று தனித்தனியாக உண்டு. பூ பத்து நாளில் கொட்டிவிடும், இலைதான் வருஷம் முழுக்கக் கூட நிற்கும் என்று சொல்லி, மினுக்கிகளுக்கு அவர் நல்ல டின்களாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் தலைவியாக, பாதியாக அறுத்த நீல டிரம்மில் நின்றது 'பங்களா ரோஜா'. அது ரோஜாவே இல்லை. கமேலியா என்று அதற்குப் பெயர் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பங்களா படிக்குப் பக்கத்தில் இருந்த கிழட்டு மரத்தின் ஒரு கிளையில், பட்டையை வளையமாகச் சீவி, பாசியையும் மண்ணையும் வைத்துச் சாக்கால் கட்டி, ஆறு மாதம் தண்ணீர் ஊற்றி வேர் விடவைத்து, துரையிடம் கேட்டு வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்று வருஷத்தில் அது என் உயரத்துக்கு வந்துவிட்டது. இலையைப் பார்த்தால் தேயிலை இலைதான், கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் பளபளப்பு.

"தேயிலைக்கு இது ஒன்னுவிட்ட அக்கா" என்பார் அப்பா. "தங்கச்சி மலையில ஒழைக்கிறா. அக்கா பங்களாவுல ஒய்யாரமா நிக்கிறா."

அதைக் கேட்டு அம்மா சிரிப்பாள். அம்மாவும் மலையில் உழைக்கிறவள்தான். எங்கள் எஸ்டேட்டில் பாதி மலைக்குக் கத்தரியும் மெஷினும் வந்துவிட்ட பிறகும், கால் வைக்க இடமில்லாத செங்குத்து மலைகளில் கையால்தான் கொழுந்து எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவின் கூடையை மட்டும் கங்காணி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். அதில் முற்றிய இலை இருக்காது, தண்டு இருக்காது, தேயிலைச் செடியின் பூமொட்டு ஒன்றுகூட இருக்காது. பக்கத்து நிரையில் நிற்கும் சின்னம்மாவோடு பேசிக்கொண்டே, செடியைப் பார்க்காமலே எடுப்பாள்.

சின்னம்மா அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. மலையில் பக்கத்து நிரை என்றால் லயத்தில் பக்கத்து வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர். சித்தப்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்து லோரியை ஓட்டிக்கொண்டு கீழே போனால் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார் என்பதால், சின்னம்மாவின் பாதி வாழ்க்கை எங்கள் வீட்டில்தான் நடந்தது. அம்மா தேத்தண்ணி போட்டு முடித்ததும் கரண்டிக் காம்பால் பலகையை மூன்று தட்டு தட்டுவாள். அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு வந்தால் வருகிறேன் என்று அர்த்தம். இரண்டு தட்டு வந்தால் அடுப்பில் ஏதோ இருக்கிறது, கொஞ்சம் பொறு என்று அர்த்தம். வாய்விட்டுக் கூப்பிட்டாலே நன்றாகக் கேட்கும் சுவர் அது. ஆனாலும் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது ரிங்லெட்டில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. குறைந்த விலை வீடுகள் வரிசையாகக் கட்டிய புதுத் தாமான். மனுப் போட்டு ஏழு வருஷம் காத்திருந்த வீடு. சாவி கைக்கு வந்த அன்று அப்பா அதை முதலில் மாரியம்மன் படத்துக்குக் காட்டினார், அப்புறம் மரங்களுக்குக் காட்டினார். வீட்டுக்கு முன்னால் சொந்த மண் இருந்தது. அகலம் குறைச்சல்தான், ஆனாலும் மண். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவர் ஒரு படம் போட்டார். கேட்டுக்கு வலது பக்கம் புட்டி கழுவி. சாக்கடைப் பக்கம் மணிக்காரி, அவளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். வேலி ஓரமாக மினுக்கிகள், உயரப்படி. சின்ன அறையின் ஜன்னலுக்கு நேராகப் பங்களா ரோஜா.

அந்தச் சின்ன அறை எனக்கு. அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அதுவரை நான் முன்கூடத்தில், டிவிக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்தேன். அப்பா பந்து விளையாட்டு பார்க்கிற நாளில் எனக்குத் தூக்கம் கிடையாது. கதவும் ஜன்னலும் உள்ள ஓர் அறை எனக்கே எனக்கென்று வரப்போகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்து, அடுத்த வகுப்புக்கும் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

இந்த இடத்தில்தான் அப்பா ஒரு நேர்த்திக்கடனை நேர்ந்து வைத்தார். அந்த வெள்ளிக்கிழமை எஸ்டேட் மாரியம்மன் கோயிலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பங்களா ரோஜாவின் முதல் பூ ஆத்தாவுக்கு என்றார். அதை அவள் காலடியில் வைத்துவிட்டுத்தான் லயத்தை விட்டுக் கிளம்புவது, ரிங்லெட்டில் பால் காய்ச்சுவது.

"எப்ப பூக்கும்?" என்று பூசாரி கேட்டார்.

"இந்த மழைக்குப் பூத்துரும். பதினெட்டு வருசமா அடுத்தவங்க வாசல்ல பூக்க வச்சேன். என் வாசல்ல பூக்குற மொத பூவு, ஆத்தாவுக்கு."

அம்மா "சரிங்க" என்றாள். மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் குடும்பமே நடத்தினாள்.

மழை வந்தது. மரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. கிளை நுனிகளில், இலைக் கக்கத்தில், பச்சைக் கடலை அளவில் உருண்டையாக நாலு மொட்டுகள். நான் தினமும் காலையும் மாலையும் எண்ணுவேன். நாலை எண்ண எவ்வளவு நேரம் ஆகும், இருந்தாலும் இரண்டு தடவை எண்ணுவேன். பன்னிரண்டாம் நாள் காலை எண்ணினால் இரண்டு இருந்தது. அடுத்த நாள் ஒன்றுமில்லை.

நான் அழுத அழுகையில் அரை லயம் கூடிவிட்டது. கீழே உதிர்ந்து கிடக்கிறதா என்று டிரம்மைச் சுற்றித் தேடினோம். கிடைக்கவில்லை. திருட்டு என்றால் திருடன் வேண்டும். வாசலில் சந்தேகப்படும்படியாக உலாவிக்கொண்டிருந்தவை சின்னம்மாவின் மூன்று கோழிகள். நான் அவற்றை நோக்கிக் கை நீட்டினேன். சின்னம்மாவுக்கு மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் ஆத்தாவின் காரியம் என்பதால் கோழிகளைக் கூண்டில் போட்டுச் சாக்கைக் கட்டினாள்.

"ஏங்கோழி முட்ட போடலன்னா நீதான் எனக்கு முட்ட வாங்கித் தரணும் பாப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி மொட்டு வந்தது. இந்த முறை மூன்று. கோழிகள் சிறையில் இருக்கும்போதே அந்த மூன்றும் காணாமல் போயின. நான் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, கிளையை மெல்லத் தாழ்த்தி, மொட்டு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அம்மா கரண்டியால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"குருவியா இருக்கும்" என்றார்.

கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது. எனக்கு வேலை கிடைத்தது. பழைய சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து குருவி விரட்டுகிற பொம்மை ஒன்று செய்து டிரம்முக்குப் பக்கத்தில் நட்டேன். நெகிழி நாடா கட்டினேன். அந்த நாட்களில் வீட்டில் எல்லாருக்குமே பக்தி அதிகமாகியிருந்தது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல், சித்தப்பாவிடம் சொல்லிக் கீழேயிருந்து மல்லிகை வரவழைத்து, தானே கட்டி, கோயிலுக்குக் கொண்டுபோனாள். முன்னெல்லாம் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் மல்லிகை. எதுக்கும்மா வாராவாரம் என்று கேட்டால், "சும்மாதான்லா, ஆத்தா கோவிச்சுக்கக் கூடாதுல்ல" என்பாள். முதல் பூ தள்ளிப்போவதால் ஆத்தாவைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதைப் பூசாரியிடமும் பெருமையாகச் சொன்னேன்.

மூன்றாவது முறை ஐந்து மொட்டுகள் வந்தபோது பள்ளி விடுமுறை. குருவி எந்த நேரத்துக்கு வருகிறது என்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன். விடிகிற நேரம்தான் அதற்குத் தோது. முன்கூடத்துப் பலகையில் ஓர் இடுக்கு உண்டு. அதில் கண்ணை வைத்தால் டிரம் நேராகத் தெரியும். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள், பனி வாசல் வரைக்கும் வந்து நின்றிருந்தது. அம்மா வேலைக்குப் போகிற கோலத்தில், முழுக்கைச் சட்டை, தலையில் துணி, காலில் பூட்ஸோடு வெளியே வந்தாள். புட்டி கழுவியைத் தாண்டினாள். மினுக்கிகளைத் தாண்டினாள். பங்களா ரோஜாவுக்குப் பக்கத்தில் நின்று, மலையைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டினாள். விரல்கள் இலைக்குள் போயின. டக்கென்று ஒரு சத்தம், எனக்குக் கேட்டது என்றுதான் இன்றும் சொல்வேன். ஒரு மொட்டு. இன்னொன்று. இரண்டையும் இடுப்பு மடிப்பில் செருகப் போனாள்.

"அம்மாதான்" என்று கத்திக்கொண்டே நான் வெளியே பாய்ந்தேன். "அப்பா, குருவி இல்லப்பா, அம்மாதான் திருடி."

அப்பா சாரத்தைக் கட்டிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாலைந்து பேரும் நின்றுவிட்டார்கள். அம்மா உள்ளங்கையைத் திறந்தாள். உருண்டையாக இரண்டு மொட்டு. அதை அவள் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிருந்தது.

"கைதான்லா..." என்றாள். "கை தானா போகுது."

அப்பாதான் முதலில் சிரித்தார்.

"இருவது வருசமா கொழுந்து எடுத்த கை. கிளையப் பாத்தா சும்மா இருக்குமா?"

அவ்வளவுதான், வாசலே சிரித்தது. எல்லாரும் கொழுந்து எடுக்கிறவர்கள் என்பதால் எல்லாருக்கும் அது புரிந்தது. ஒருத்தி, தான் கோயில் துளசியைக் கிள்ளிய கதையைச் சொன்னாள். இன்னொருத்தி டவுனில் கடை வாசலில் வைத்திருந்த நெகிழிச் செடியையே கிள்ளிவிட்டதாகச் சொன்னாள். சின்னம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்கோழிய ஜெயில்ல போட்டீங்கல்ல. இப்ப யாரப் போடுறது, சொல்லுங்க மாமா."

அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானை இல்லாத தோளில் எதையோ தேடிக் கண்ணைத் துடைத்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு என் அறை போய்க்கொண்டிருந்தது. துப்பறிகிறவர்களுக்கே உரிய முறையில் மரத்தைச் சுற்றி வந்து, ஆதாரங்களைச் சோதித்தேன். கிளை நுனிகளில், செம்பு நிறத்தில், இளங்கொழுந்துகள் ஒன்று பாக்கியில்லாமல் அப்படி அப்படியே நின்றன.

"கொழுந்து எல்லாம் அப்படியே இருக்கேப்பா" என்றேன்.

"போ பாப்பா. போயி பல்லு வெளக்கு" என்றார் அப்பா.

மிச்சமிருந்த மூன்று மொட்டுக்கும் நான் அன்றைக்கே கொசுவலைத் துணியை வெட்டிப் பை தைத்து, கழுத்தில் நூலால் கட்டினேன். எஸ்டேட் சங்கு ஊதியதும் அம்மா மலைக்குப் போய்விட்டாள். அப்பா வேலைக்குப் போகாமல் கொஞ்ச நேரம் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அடுத்து வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவர் பஸ் ஏறி ரிங்லெட்டுக்குப் போய் வந்தார். வேலி விஷயமாக என்றார். வேலி ஏற்கெனவே போட்டாகிவிட்டதே என்று எனக்குத் தோன்றியது, ஆனால் நான் மொட்டுக் காவலில் மும்முரமாக இருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு, சாப்பிடும்போது, குழம்பைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்:

"தாமான்ல நமக்கு அடுத்த வீடு இருக்குல்ல, அந்தாளுக்குத் தாப்பாவுல வேலையாம். வீட்ட வாடகைக்கு விடுறாராம். ஒன் தங்கச்சி வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். அவருக்கும் பெர்த்தாம் லோரிக்கு அங்கேருந்து போறது கிட்டத்தானாம். சரின்னுட்டாரு."

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"காலையில எஸ்டேட்டு லோரி ரிங்லெட்டுக்கும் வருது. மலைக்குப் போறவங்க ஏறிக்கலாம். ஆபீஸ் கிராணிகிட்ட கேட்டுட்டேன்" என்று அப்பா சாப்பாட்டுத் தட்டிடம் சொன்னார்.

"சரிங்க" என்றாள் அம்மா.

பிறகு போய், கரண்டியில் ஒட்டியிருந்த சோற்றைக்கூட எடுக்காமல், பலகையில் மூன்று தட்டு தட்டினாள். தேத்தண்ணி ஒன்றும் போட்டிருக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு வந்தது. சின்னம்மா வந்தாள். இருவரும் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று என்னவோ பேசினார்கள், சிரித்தார்கள். தண்ணீர் திறந்துவிட்டபடியே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை அடைக்கவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மூன்று மொட்டும் பை இல்லாமல் நின்றன. அம்மா என் கொசுவலைப் பைகளை மடித்துப் படியில் வைத்துவிட்டு மரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு முட்டும்லா அதுக்கு" என்றாள். "இனிமே தேவப்படாது."

கையை அடக்கிக்கொள்வதாக அம்மா கொடுத்த வாக்கு என்று அதை எடுத்துக்கொண்டேன். ஆனாலும் நம்பாமல் தினமும் எண்ணினேன். மூன்று மூன்றாகவே இருந்தது. ஒரு புதன்கிழமை காலை, முதல் மொட்டு நுனியில் சிவப்புக் காட்டியது. சனிக்கிழமை முழுதாக விரிந்தது. என் இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிய பூ, அடுக்கடுக்காகச் சிவப்பு, நடுவில் மஞ்சள் தூள். அப்பா அதைப் பறிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "நீயே எடு" என்றார். அவள் எடுத்தாள். இத்தனை நாள் டக் டக்கென்று ஒடித்த கை, அன்று பூவின் காம்பைப் பிடிக்கவே தயங்கியது.

கோயிலில் அந்தப் பூவை ஆத்தாவின் காலடியில் வைத்துவிட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். போட்டுக்கொண்டே இருந்தாள். பூசாரி தீபத்தை எல்லாருக்கும் காட்டி முடித்துத் திரும்பி வந்தும் நிறுத்தவில்லை. அப்பா பக்கத்தில் நின்று, "போதும், விடு, ஆத்தாவுக்குத் தெரியும்" என்று மெதுவாகச் சொன்னார்.

குடிபோன அன்று காய்கறி லோரியைச் சித்தப்பாவே ஓட்டி வந்தார். லயத்துச் சனங்கள் ஆளுக்கொரு மரத்தைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு வரிசையாக லோரிக்கு நடந்தார்கள். டிரம்மை மட்டும் நாலு பேர் தூக்கினார்கள். கோழிகள் மூன்றும் மணிக்காரிக்கும் புட்டி கழுவிக்கும் நடுவில் கூண்டில் பயணம் செய்தன. ரிங்லெட்டில் பால் பொங்கி வழிந்ததும், அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, தகரம் வெட்டுகிற கத்தரியால் ஒவ்வொரு டின்னாக அறுத்து, மரங்களை மண்ணில் இறக்கினார். படத்தில் போட்டிருந்தபடியே. கடைசியாக என் ஜன்னலுக்கு நேராகப் பங்களா ரோஜாவை ஊன்றிவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்து, வெறுங்காலால் மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினார். இறுகின பிறகும் மிதித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து அம்மா சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சிமெண்டுச் சுவர் என்பதால் கரண்டி பலிக்கவில்லை. அம்மிக் குழவியால் தட்டினாள்.

அந்த வீட்டில் இன்றும் அவர்கள் இருக்கிறார்கள். மினுக்கிகள் வேலியைத் தாண்டிவிட்டன. புட்டி கழுவி மின்சாரக் கம்பியைத் தொடப் பார்க்கிறது. நான் வேலை பார்ப்பது தானா ராத்தாவில், வீடும் அங்கேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா, அதே மரத்தில் பதியம் போட்ட ஒரு கன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த மழைக்கு அது முதல் தடவையாக மொட்டு விட்டது. பழைய பழக்கம், எண்ணினேன். ஆறு. ஆசையாக இருந்தது, விரலால் தொட்டேன். கொழுந்து கூராக, மெலிசாக இருந்தது. பூமொட்டு கெட்டியாக, உருண்டையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். அப்போதும் எது எது என்று தெரிந்தது. வாழ்நாளில் ஒரு கூடைக் கொழுந்து எடுக்காத எனக்கே தெரிந்தது.

தானாகப் போகிற கையாக இருந்திருந்தால், அது கொழுந்தைத்தான் எடுத்திருக்கும்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, லயத்துல இருக்கறப்ப, பங்களா ரோஜா மொட்டெல்லாம் கை தானா போயி எடுத்துச்சுன்னு சொன்னியே..."



"வேற வேல இல்லையாலா ஒனக்கு?" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு போனுக்குள் டொக், டொக், டொக்கென்று மூன்று தட்டு. "இரு, ஒன் சின்னம்மா வரட்டும். அவகிட்ட பேசு."

அப்பாவிடம் நான் கேட்கவில்லை. அந்த மரத்தின் தாய் மரத்தையே பதினெட்டு வருஷம் தொட்டு வளர்த்தவருக்கு, மொட்டைக் குருவி கொத்தினால் எப்படி இருக்கும், விரல் ஒடித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதா. குருவி என்று சொன்ன அன்றே தெரிந்திருக்கும். அந்தப் பனிக் காலையில், இரண்டு மொட்டை உள்ளங்கையில் காட்டித்தான், தங்கச்சியை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்று அம்மா கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா அந்தச் சிரிப்பில் சொன்னார். இரண்டும் என் கண் முன்னால்தான் நடந்தன. நான் போய்ப் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.